பிழியும் நேரம்: கலமன்சி மஃபின் குறித்து

கலமன்சி என்பது பிலிப்பைன்ஸ் தீவுகளின் வீட்டுக் கொல்லைகளிலும் மண்தொட்டிகளிலும் ஆண்டின் பெரும்பகுதி காய்த்துக்கொண்டிருக்கும், பெருநெல்லிக்காய் அளவேயான எலுமிச்சைக் குடும்பத்துப் பழம். தோல் பச்சையாக இருக்கும்போதே பறிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடுவதால் பழக்கமில்லாதவர்கள் அதைக் காய் என்றே எண்ணக்கூடும். ஆனால் அரிந்து பார்த்தால் உள்ளே சதை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், மரத்திலேயே விட்டுவைத்தால் தோலும் நாளடைவில் அதே நிறத்துக்கு வந்துசேரும். தாவரவியலாளர்கள் இதனை மாண்டரின் ஆரஞ்சுக்கும் கும்குவாட்டுக்கும் பிறந்த கலப்பினமாகக் கொள்கின்றனர். கும்குவாட் என்பது தோலோடு சேர்த்தே மென்று தின்னப்படும் சீனத்துச் சிறு பழம். அதன் தோல் இனிக்கும், சதை புளிக்கும். இந்தத் தலைகீழ்க் குணம் கலமன்சிக்கும் ஓரளவு இறங்கியிருப்பதால் அதன் மெல்லிய தோலில் மணமும் இலேசான இனிப்பும், சாற்றில் கண்ணை மூடவைக்கும் புளிப்பும் அமைந்திருக்கின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் லிமாவ் கஸ்தூரி என்று அழைக்கப்படுவது இதே பழம்தான் என்பதால், மீ கோரெங் தட்டின் ஓரத்தில் பாதியாக அரிந்து வைக்கப்படும் அதை அந்நாடுகளின் தமிழர்கள் நன்கறிவர்.

இந்தப் பழத்தைக் கொண்டு வீட்டில் மஃபின் சுடுவது இன்று பிலிப்பைன்ஸ் நகரங்களிலும், அந்நாட்டவர் குடியேறி வாழும் அமெரிக்க, கனடிய ஊர்களிலும் காணப்படும் வழக்கம். மஃபின் என்ற பெயரில் இரண்டு பண்டங்கள் உண்டு. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவைக் கல்லில் தட்டையாக வாட்டி எடுப்பது இங்கிலாந்து முறை. பேக்கிங் பவுடர் சேர்த்த தளர்ந்த மாவைக் குழிகள் கொண்ட தகரத் தட்டில் ஊற்றி அவனில் வேகவைப்பது அமெரிக்க முறை. இங்கே பேசப்படுவது பின்னது. எலுமிச்சை மஃபினின் செய்முறையில் எலுமிச்சை என்ற சொல்லை அடித்துவிட்டுக் கலமன்சி என்று எழுதினால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகின்றனர், பல செய்முறைக் குறிப்புகளும் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. அவ்வாறு செய்தால் நல்ல மஃபின் கிடைக்கலாம். ஆனால் பிலிப்பினோ சமையலில் கலமன்சிக்கு இருக்கும் இடம் அதில் கிடைக்காது. அந்த இடம் எது என்பதைப் பழத்தின் சுவையைவிட, அது பிழியப்படும் நேரத்தைக் கவனித்தால் எளிதில் கண்டுகொள்ளலாம்.

பிலிப்பைன்ஸில் கலமன்சி பெரும்பாலும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்துக்குள் விழுவதில்லை, உண்பவரின் தட்டில்தான் விழுகிறது. பான்சித் எனப்படும் வதக்கிய நூடுல்ஸ், அர்ரோஸ் கால்தோ எனப்படும் இஞ்சி சேர்த்த கோழிக்கஞ்சி, சுட்ட மீன் என்று எது பரிமாறப்பட்டாலும் அருகில் ஒரு சிறு கிண்ணத்தில் அரிந்த கலமன்சி வந்துவிடும். உண்பவர் அதைத் தம் விருப்பம்போல் பிழிந்து, பதீஸ் எனப்படும் மீன்சாற்றோடோ தோயோ எனப்படும் சோயா சாற்றோடோ கலந்து, தேவைப்பட்டால் மிளகாயும் நசுக்கிப் போட்டுத் தொட்டுக்கொள்வார். இவ்வாறு மேசையில் கலந்துகொள்ளப்படும் தொடுகறிக்குச் சௌசாவன் என்று பெயர். உணவு வரலாற்றாசிரியர் டோரீன் கம்போவா ஃபெர்னாண்டஸ் (1934–2002) இந்தச் சௌசாவனைப் பிலிப்பினோ உணவுமுறையின் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாகக் கண்டு எழுதியிருக்கிறார். அவர் பார்வையில் சமைத்தவர் உணவை முழுமையாக முடித்துத் தருவதில்லை. கடைசிப் பங்கு உண்பவருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய உயர்தர விடுதியொன்றில் தலைமைச் சமையற்காரர் அனுப்பிய தட்டில் விருந்தினர் தம் விருப்பப்படி எதையாவது ஊற்றிக்கொண்டால் அது அவமதிப்பாகக் கருதப்படும். மணிலாவிலோ ஊற்றிக்கொள்ளாமல் உண்பவரைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் கவலைப்படுவார்.

மஃபின் இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரானது. மாவு அவனுக்குள் போன பிறகு அதன் உப்பையோ புளிப்பையோ எவரும் திருத்த முடியாது. எவ்வளவு புளிப்பு என்பதைச் சுடுகிறவர் அரைமணி நேரத்துக்கு முன்பே, சுவைத்துப் பார்க்கவும் வாய்ப்பில்லாமல், பன்னிரண்டு பேருக்கும் ஒரே அளவாக முடிவுசெய்துவிடுகிறார். உண்பவருக்குத் தின்பது அல்லது தின்னாமல் விடுவது என்ற இரண்டு உரிமைகளே மிஞ்சுகின்றன. உண்பவர் கையில் இருந்த பழத்தைச் சுடுகிறவர் கைக்கு மாற்றுவது, ஆகையால், சிறிய மாற்றம் அன்று.

மஃபின் இந்தத் தீவுகளுக்கு வந்த வழியையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோதுமை பிலிப்பைன்ஸின் பயிர் அன்று. வெப்பமும் ஈரமும் மிக்க அந்நாட்டில் அது வணிக அளவில் விளைவதில்லை. ஸ்பானியர் ஆண்ட மூன்று நூற்றாண்டுகளில் ரொட்டி வந்தது, விறகு எரிக்கும் செங்கல் அடுப்பான பூகோன் வந்தது, இன்று நாடெங்கும் காலையுணவாக இருக்கும் பான் தே சால் என்ற சிறு ரொட்டியும் அவ்வழியே நிலைபெற்றது. ஆனால் அவை அடுமனைக்காரரின் தொழிலாகவே இருந்தன. 1898இல் தீவுகள் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய பிறகுதான் வீட்டில் மாவு சுடுவது பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய பாடமாயிற்று. 1901 ஆகஸ்டில் தாமஸ் என்ற படைக்கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினர். அவர்களும் அவர்களைத் தொடர்ந்தவர்களும் கட்டியெழுப்பிய பொதுப்பள்ளிகளில் ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றோடு மனையியலும் இடம்பெற்றது. 1911இல் மணிலாவின் கல்வித்துறை ஆலிஸ் ஃபுல்லர் எழுதிய மனையியல் கையேட்டைத் தொடக்கப்பள்ளிச் சிறுமியருக்கென்றே வெளியிட்டது. அளவுக் குவளை, சமன்செய்த தேக்கரண்டி, பேக்கிங் பவுடர், டின்னில் அடைத்த பால் ஆகியவை இப்படிப் பள்ளியின் வழியே வீட்டுக்குள் நுழைந்தன. அந்தப் பள்ளிகள் எண்ணற்ற பெண்களுக்கு எழுத்தறிவையும் வேலைவாய்ப்பையும் தந்தன என்பது உண்மை. உள்ளூர் உணவைத் தூய்மைக்குறைவானதாகவும் சத்துக்குறைவானதாகவும் பார்க்கும் கண்ணையும் அவை சேர்த்தே தந்தன என்பதும் உண்மை.

இன்றும் ஒரு பிலிப்பினோ வீட்டு மஃபினின் பொருள்களை மேசைமேல் பரப்பினால் அந்த வரலாறு தெரியும். மாவு வெளிநாட்டுக் கோதுமையில் அரைக்கப்பட்டது, அதிலும் பெரும்பங்கு அமெரிக்கக் கோதுமை. பால், வெண்ணெய் ஆகியவற்றின் பெரும்பகுதியும் இறக்குமதிதான். நாட்டின் பால் தேவையில் மிகச் சிறிய பங்கையே உள்ளூர் மாடுகளும் எருமைகளும் நிறைவுசெய்கின்றன. முட்டை உள்ளூரில் கிடைக்கும். சர்க்கரையும் உள்ளூர்ப் பொருள்தான், ஆனால் அது வரும் நீக்ரோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு அமெரிக்கச் சந்தையை நம்பி வளர்ந்த நீண்ட, கசப்பான கதை ஒன்று உண்டு. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தபோது அந்தத் தீவின் தொழிலாளர் குடும்பங்களில் குழந்தைகள் பசியால் வாடினர். அந்த வரலாற்றுக்கு எந்தக் கடனும் படாமல் கொல்லையிலிருந்து பறித்து வரப்படுவது கலமன்சி ஒன்றுதான்.

அதற்காக, மாவை மேலும் கீழும் வெப்பம் காட்டி வேகவைக்கும் கலையை அமெரிக்கர்கள் வந்துதான் கற்றுக்கொடுத்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. பிபிங்கா என்ற அரிசிப் பண்டம் அதற்குச் சான்று. ஊறவைத்த அரிசியை ஆட்டியெடுத்த மாவுக்குக் கலாபோங் என்று பெயர். அதனைத் தேங்காய்ப்பாலோடு கரைத்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, கீழே கரிநெருப்பும் மேலே தகரத்தில் பரப்பிய தணலுமாக நடுவில் வைத்து வேகவிடுவார்கள். மேல்புறம் பொரிந்து, இலையின் விளிம்பு கருகி, அந்தக் கருகல் மணம் மாவில் ஏறியிருக்கும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலையில் நடக்கும் திருப்பலிகளுக்குப் பின் தேவாலய வாசல்களில் இது சுடச்சுட விற்கப்படும். நெருப்பை இரு புறமும் வைப்பது என்ற ஒரே கருத்தைத்தான் அவன் பெட்டிக்குள் அடைத்திருக்கிறது; வேறுபாடு என்னவென்றால், பிபிங்கா சுடுகிறவர் தணலைக் கையால் கூட்டியும் குறைத்தும் கண்ணால் பார்த்து வேகவைக்கிறார், மஃபின் சுடுகிறவர் எண்ணைத் திருகிவிட்டுக் காத்திருக்கிறார்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் நின்றவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் மரியா ஒரோசா. பதாங்காஸ் மாகாணத்தின் தால் ஊரில் பிறந்த ஒரோசா, அமெரிக்காவின் சியாட்டிலில் மருந்தியல் வேதியியலும் உணவு வேதியியலும் பயின்று 1922இல் நாடு திரும்பி, அரசின் அறிவியல் துறையில் உணவுப் பாதுகாப்புப் பணியில் சேர்ந்தார். வெளிநாட்டுத் தக்காளிக்கு மாற்றாக வாழைப்பழத்தில் கெட்சப் செய்தவர் என்றே இன்று அவரைப் பலரும் அறிவர். ஆனால் இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அவருடைய வேறு இரண்டு ஆக்கங்கள் முக்கியமானவை. ஒன்று, கலமன்சிச் சாற்றை உலர்த்திப் பொடியாக்கும் முறை. மற்றொன்று பலாயோக் அவன்: பலாயோக் என்பது மண்சட்டி, மின்சாரம் எட்டாத கிராமத்து வீடுகளிலும் மாவு சுட முடிய வேண்டும் என்பதற்காக மண்சட்டியைக் கொண்டே அவர் வடிவமைத்த அடுப்பு அது. கற்றுவந்த அறிவை அப்படியே இறக்கிவைக்காமல், அது எந்த வீட்டின் அடுப்பில் ஏற வேண்டும் என்று எண்ணிப்பார்த்த அறிவியலாளர் அவர். இரண்டாம் உலகப்போரில் சோயாவிலிருந்து செய்த சத்துமாவு, அடைத்துவைக்கப்பட்டிருந்த கைதிகளுக்கு இரகசியமாகச் சென்றுசேர வழிசெய்தார். மணிலாவை மீட்கும் சண்டையின்போது, 1945 பிப்ரவரி 13 அன்று, குண்டுச்சிதறல் பட்டு இறந்தார். அவர் செய்த கலமன்சிப் பொடியைப் பற்றி ஒரு கருத்தை இங்கே சொல்லிவைப்பது தவறாகாது: புளிப்பைக் கெடாமல் சேமித்துவைப்பது என்ற எண்ணமே, புளிப்பை உடனுக்குடன் பிழிந்துகொள்வது என்ற பழக்கத்துக்கு அப்பால் எடுத்துவைக்கப்பட்ட முதல் அடி. மஃபின் அதே திசையில் இன்னும் சற்றுத் தொலைவு செல்கிறது.

அந்தத் தொலைவில் என்ன நேர்கிறது என்பதை வேதியியல் தெளிவாகவே சொல்கிறது. கலமன்சிச் சாற்றின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம். சாற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் இருக்கும். சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட் ஒரு காரப்பொருள். அமிலத்தைச் சந்தித்ததும் கரியமில வாயுவை வெளிவிட்டு, அமிலத்தையும் தன்னையும் செயலிழக்கச் செய்துகொள்ளும். மாவு பொங்குவது அந்த வாயுவால்தான். சாறு புளிப்பானது, ஆகவே சோடாவைச் சேர்த்தால் நன்றாகப் பொங்கும் என்று எண்ணுவது இயல்பு, பொங்கவும் செய்யும். ஆனால் கணக்குப் பார்த்தால், கால் குவளைச் சாற்றில் உள்ள அமிலம் முழுவதையும் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான சோடா விழுங்கிவிடும். பன்னிரண்டு கலமன்சிகளுக்குமேல் அரிந்து, விதை நீக்கி, விரல் நோகப் பிழிந்து சேர்த்த புளிப்பு அவ்வளவும் உப்பாகவும் காற்றாகவும் மாறிவிட, மஃபினில் மிஞ்சுவது இனிப்பும் மஞ்சள் நிறமும்தான். சோடா கூடிவிட்டால் அவற்றோடு சவர்க்காரச் சுவையும் வந்துசேரும். கலமன்சி மஃபினில் கலமன்சியே தெரியவில்லை என்ற குறைக்குப் பெரும்பாலும் பழத்தின் அளவு காரணமன்று, சோடாவே காரணம்.

பேக்கிங் பவுடர் இதிலிருந்து வேறுபட்டது. சோடாவோடு அதற்கு வேண்டிய அமிலத்தூளையும், ஈரத்தை உறிஞ்ச ஸ்டார்ச் மாவையும் ஏற்கெனவே கலந்து டப்பாவில் அடைத்திருப்பதால் அது தன் பாட்டுக்குத் தானே பொங்கும், பழத்தின் புளிப்பைப் பெரிதாக நாடாது. எனவே கலமன்சிக்கு ஏற்றது பேக்கிங் பவுடர் மட்டுமே. இதற்கும் ஒரு விலை உண்டு. அமிலம் மிஞ்சிய மாவு எளிதில் சிவக்காது. மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் கூடிப் பழுப்பு நிறம் பெறும் வினை அமிலச் சூழலில் மெதுவாகவே நடக்கும். அதனால் கலமன்சி மஃபின் வெந்த பிறகும் மேலே வெளிறித் தெரியும். நிறம் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு உலர்ந்த மஃபின்தான் கிடைக்கும். நடுவில் குத்திய ஈர்க்குச்சி ஈரமின்றி வெளிவருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

மணம் இருப்பது சாற்றில் அன்று, தோலில். அதன் புறப்பரப்பில் கண்ணுக்குப் புள்ளிகளாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில். பெரிய எலுமிச்சையாக இருந்தால் துருவியில் தேய்த்து எடுத்துவிடலாம். கலமன்சியோ இரண்டு விரல்களுக்குள் அடங்குவது, தோல் காகிதம்போல் மெல்லியது, சற்று அழுத்தினாலும் கிழிந்து சாறு கையில் வழியும். ஆகவே அரிவதற்கு முன்பே, பழம் முழுதாகவும் விறைப்பாகவும் இருக்கும்போது, மிக நுண்ணிய துருவியில் மெல்லத் தேய்க்க வேண்டும். தேய்த்த துருவலை நேரே மாவில் போடாமல் முதலில் சர்க்கரையில் போட்டு விரல்நுனிகளால் கசக்குவது நல்லது. சர்க்கரைப் பரல்களின் கூர்முனை எண்ணெய்ப் பைகளை உடைக்கும்; சர்க்கரை ஈரமணல்போல் ஆகி, இளம்பச்சை நிறம் பெற்று, அறை முழுவதும் மணக்கத் தொடங்கும். அந்த எண்ணெய் எளிதில் ஆவியாவது என்றாலும், மாவிலுள்ள வெண்ணெய் அதைக் கரைத்துப் பிடித்து வைத்துக்கொள்வதால் சூட்டில் முழுவதும் போய்விடாது.

விதைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உருவத்துக்குப் பொருந்தாத அளவு விதைகள் நிறைந்த பழம் இது. கத்தி விதையின்மேல் பாய்ந்தால் உள்ளே பச்சை நிறப் பருப்பு வெளிப்படும். நசுங்கிய விதையின் கசப்பு சாற்றில் இறங்கிவிட்டால் சர்க்கரையால் அதை மறைக்க இயலாது. ஆகவே பிலிப்பினோ வீடுகளில் பலர் பழத்தை நடுவில் பிளப்பதில்லை. காம்புப் பக்கமாக ஒரு மூடியளவே சீவி, விதைகள் கத்தியில் படாதவாறு திறந்து, வடிகட்டியின்மேல் பிழிகின்றனர். ஒரு பழத்தில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிச் சாறு தேறும்.

செய்முறையில் மீதமுள்ளவை எல்லா மஃபினுக்கும் பொதுவானவை என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2 குவளை மைதாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் சலித்துக்கொண்டு, முக்கால் குவளை மணமேற்றிய சர்க்கரை, 2 முட்டை, அரைக் குவளை உருக்கிய வெண்ணெய், அரைக் குவளை பால், கால் குவளைச் சாறு ஆகியவற்றைத் தனியே அடித்து, இரண்டையும் சேர்த்துக் கரண்டியால் பத்துப் பன்னிரண்டு முறை புரட்டியதும் நிறுத்திவிட வேண்டும். பால் சாறு பட்டுத் திரிந்தால் பதற வேண்டியதில்லை, திரிந்த பால் மஃபினை மென்மையாக்கும். மாவில் கட்டிகள் தெரிந்தாலும் கலக்கக் கூடாது. கலக்கக் கலக்கக் கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் இழையோடி, மஃபினைச் சவ்வுபோல் ஆக்கும், உள்ளே நீண்ட துளைகள் விழும். 190 டிகிரி செல்சியஸில் 20 நிமிடத்துக்குள் வெந்துவிடும். அவன் இல்லாத வீடுகள் பிலிப்பைன்ஸில் ஏராளம். அங்கே மேசைமேல் வைக்கும் சிறு டோஸ்டர் அவனில் ஆறாறாகச் சுடுவதும், புத்தோ என்ற அரிசிப் பண்டத்துக்கு வைத்திருக்கும் ஆவிப்பாத்திரத்திலேயே மாவை ஊற்றி அவித்துவிடுவதும் உண்டு. அவித்தது மஃபின்தானா என்று வழக்காட விரும்புவோர் வழக்காடலாம். வெளிறிய மேல்புறம் எப்படியும் கலமன்சியின் விதி என்பதால் அவிப்பதில் இழப்பு சொற்பமே.

முக்கியமான வேலை மஃபின் வெளியே வந்த பிறகுதான் தொடங்குகிறது. சூடாக இருக்கும்போதே மேற்புறத்தில் குச்சியால் பத்துத் துளைகள் இட்டு, இன்னொரு கால் குவளைச் சாற்றில் சர்க்கரையை அடுப்பில் வைக்காமலேயே கரைத்து, கரண்டி கரண்டியாக அதன்மேல் ஊற்றினால் சூடான மாவு அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்தச் சாறு சோடாவைச் சந்திக்கவில்லை, அவனின் வெப்பத்தையும் பார்க்கவில்லை. பச்சைப் பழத்தின் கூர்மை அப்படியே நாக்குக்கு வரும். இதனினும் ஒருபடி மேலே சென்று, சாறு ஊற்றாமல் மஃபினை மேசைக்குக் கொண்டுவந்து, அருகே சர்க்கரைக் கிண்ணத்தையும் மேல்பக்கம் சீவிய கலமன்சிகளையும் வைத்துவிடும் வழியும் உண்டு. பிழிந்துகொள்வது அவரவர் பாடு. பான்சித்துக்குச் செய்வதை மஃபினுக்குச் செய்வது முதலில் விந்தையாகத் தோன்றினாலும், இந்தப் பழத்தின் வழக்கத்துக்கு மிக நெருங்கி நிற்பது அதுவே. எலுமிச்சை மஃபினின் பெயர்மாற்றம் என்ற நிலையிலிருந்து கலமன்சி மஃபினை மீட்பதும் அதுவே.

வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்களுக்கு இது எளிதன்று. எலுமிச்சை இன மரங்களைத் தாக்கும் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் அஞ்சிப் பல நாடுகள் புதிய பழத்தின் வரவைக் கட்டுப்படுத்துவதால், அவர்கள் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் உறையவைத்த சாற்றையோ புட்டியில் அடைத்த சாற்றையோதான். அந்த அச்சம் காரணமற்றதன்று. பச்சை நோய் எனப்படும், ஒருவகைத் தெள்ளுப்பூச்சியால் பரவும் பாக்டீரியா நோய் 1960களில் பதாங்காஸின் மாண்டரின் தோப்புகளையே அழித்திருக்கிறது. புட்டிச் சாற்றில் புளிப்பு இருக்கும், தோல் இருக்காது. மணத்துக்காகப் பலர் கடையில் கிடைக்கும் மஞ்சள் எலுமிச்சையின் தோலைத் துருவிச் சேர்க்கின்றனர், அப்போது நினைவில் இருக்கும் மணம் ஒன்றாகவும் மூக்குக்கு வரும் மணம் வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. தொட்டியில் ஒரு செடி வளர்த்து, குளிர்காலத்தில் அதை வீட்டுக்குள் சன்னலோரம் நகர்த்திவைக்கும் குடும்பங்களின் பிடிவாதம் இதனால்தான் புரிந்துகொள்ளத்தக்கது. தாய்நாட்டிலோ சிக்கல் தலைகீழானது. கிழக்கு மிண்டோரோ போன்ற கலமன்சி மாகாணங்களில் மழைக்காலத்தில் பழம் குவிந்து விலை அடிமட்டத்துக்குப் போய்விடும், கோடையில் தட்டுப்பாடு வந்து விலை ஏறும். குவியும் காலத்துப் பழத்தைச் சாறாகவும் பாகாகவும் மாற்றும் சிறுதொழில்களை அரசு ஊக்குவிப்பது அதனால்தான். ஒரோசா பொடி செய்ய முற்பட்டதன் நியாயத்தையும் அங்கிருந்து பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுச் சந்தையில் கலமன்சி கிடைப்பதில்லை என்றாலும், தமிழ்ச் சமையலறைக்கும் அந்தத் தீவுகளின் புளிப்புக்கும் உறவில்லை என்று சொல்லிவிட முடியாது. பியாசோங் என்று செபு, போஹோல் தீவுகளில் அழைக்கப்படும் காட்டு எலுமிச்சை ஒன்று பிலிப்பைன்ஸின் தென்பகுதிக்கு உரியது; அமெரிக்க ஆட்சிக்காலத்தில் அங்கே பணியாற்றிய தோட்டக்கலை அறிஞர் வெஸ்டர் 1915இல் அதற்குச் சிட்ரஸ் மைக்ராந்தா என்று அறிவியல் பெயரிட்டார். அண்மைக்கால மரபணு ஆய்வுகள், தமிழர்கள் ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் பயன்படுத்தும் சிறிய நாட்டு எலுமிச்சை இந்த மைக்ராந்தாவைத் தாயாகவும், தடித்த தோலுடைய சிட்ரான் என்ற பழைய இனத்தைத் தந்தையாகவும் கொண்டு பிறந்தது என்று காட்டியிருக்கின்றன. அதே எலுமிச்சை பிலிப்பைன்ஸில் தயாப் என்ற பெயரில் வாழ்கிறது. அங்கே முட்டைப் புட்டிங்குக்கு மணமூட்ட அதன் தோலைத் துருவிப் போடுவார்கள். எலுமிச்சைச் சாதத்துக்குத் தாளித்து, அடுப்பை அணைத்த பிறகே சாற்றைப் பிழிய வேண்டும், கொதியில் பிழிந்தால் கசக்கும் என்பது தமிழ் வீடுகளில் எவரும் எழுதிவைக்காமலே எல்லோரும் அறிந்த விதி. கலமன்சி மஃபினுக்கு வேண்டியதும் அந்த விதிதான்.

ஆகவே நாட்டு எலுமிச்சையைக் கொண்டு இதைச் செய்ய விரும்பும் வாசகர், துருவலைச் சர்க்கரையில் கசக்கி, கால் குவளைச் சாற்றை மட்டும் மாவுக்குக் கொடுத்து, சோடாவைத் தொடாமல், மிச்சப் பழங்களை அரியாமல் எடுத்துவைத்துவிட்டு, மஃபின் மேசைக்கு வந்த பிறகு கத்தியை எடுப்பாராக.